இரண்டாவது பவர் வயர்

என் மகளை நான் சந்திப்பது சனிக்கிழமை நான்கு மணிக்கு, கம்ப்யூட்டர் கேமில். அவள் அம்மாவும் நானும் பிரிந்த பிறகு, நேரில் உட்கார்ந்தால் எங்கள் இருவருக்கும் பேச்சே வருவதில்லை. ஆளுக்கொரு குதிரையில் ஏறிக் கோட்டையைப் பிடிக்கப் போகும்போது மட்டும் பள்ளிக்கூடம், பல்வலி, தோழிகளின் சண்டை எல்லாம் தானாகக் கொட்டும்.

அந்த கேமைப் புதுப்பிக்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் கெடுத்துத் தொலைத்தார்கள். என் கம்ப்யூட்டரோ எட்டு வயதுக் கிழம். போன வாரம் என் குதிரை பாலத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, நீ வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிற. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க. அந்த கிராபிக்ஸ் கார்ட மாத்தித் தொலையேன். அடுத்த வாரமும் இப்படின்னா நான் இவங்களோடயே போயிடுவேன்."

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா? வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் கார்டு கிடைத்தது. கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "அண்ணே, இதுக்கு ரெண்டு பவர் வயர் வேணும். உங்க கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பவர் சப்ளை டப்பாவோட வந்த வயரையே போடுங்க. வேற கம்பெனி வயரு உள்ள போகும், ஆனா ஒத்துக்காது."

"பதினெட்டு வருஷமா எலக்ட்ரீஷியன், எனக்கே வயர் பாடமா?" என்றேன். வாய்க்கொழுப்பு.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். தூசியை ஊதி, பழைய கார்டைக் கழற்றி, புதியதை அழுத்தினேன். முதல் வயரை மாட்டினேன். இரண்டாவதைக் காணோம். அலமாரி, கட்டிலடி எல்லாம் தலைகீழாக்கியும் கிடைக்கவில்லை. மணி மூன்றே முக்கால். எப்போதோ செத்துப்போன வேறொரு பவர் சப்ளையின் வயர் பையில் கிடந்தது. அதே எட்டு முனை. செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஊரான் வீட்டில் என்றால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் மாட்டமாட்டேன். மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

சுவிட்சைப் போட்டதும் 'பட்' என்றது. கருகல் நாற்றம். பழைய கார்டைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், அப்போதும் கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அழுகையாக வந்தது. நான்கு மணி தாண்டி அவளுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அவள் கூட்டாளிகளின் சிரிப்புச் சத்தம்.

"வயர மாத்திப் போட்டுட்டேம்மா. புது கார்டு, மிஷினு எல்லாம் போச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஐயோ. ஷாக் எதுவும் அடிக்கலையே?"

"இல்லடா. அடுத்த வாரம் எப்படியாச்சும்..."

"பரவால்லப்பா. நீங்க மெதுவா சரி பண்ணிக்கோங்க. அவசரமே இல்ல."

நீங்க! பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று மட்டுமே அழைத்தவள். அடம்பிடித்தாலும் 'நீ'தான், கோர்ட் வாசலில் என் சட்டையைப் பிடித்து அழுதபோதும் 'நீ'தான். முன்பின் தெரியாதவர்களிடம்தான் அவள் இவ்வளவு மரியாதையாகப் பேசுவாள்.

பதிலுக்கு நானும் 'சரிங்க' என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அவசரமாகப் போனை வைத்தேன்.