ஆறு மணி மிஸ்டு கால்

சும்மா சும்மா தொந்தரவு செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. குழித்துறையில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். பேர் பெனின். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று சோதிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம்களை எழுதுவது பிழைப்பு. அவை தினமும் விடியுமுன் தானாக ஓடும். தப்பு இருந்தால் எனக்கு மெயில் போடும். எல்லாம் சரியென்றால் வாயைத் திறக்காது. நான்தான் அப்படி எழுதினேன். தினம் ஒரு 'சரி, சரி' மெயிலை எவன் படிப்பான்?

2012 ஆகஸ்டில் பதினோரு நாள் மெயிலே இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டாம் நாள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். சோதனைக் கம்ப்யூட்டருக்குப் போகும் லைன் முதல் நாளே அறுந்துவிட்டதாம். லைன் போனால் மெயில் போடு என்று எழுதியிருந்தேன். அந்த மெயில் வரவேண்டியதும் அதே லைனில். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

சாயங்காலத்துக்குள் ஸ்கிரிப்டைத் திருப்பிப் போட்டேன். இனி எல்லாம் சரியென்றால் ஏழு மணிக்கு மெயில் வரும், வராவிட்டால் தப்பு. கேபிளை வேண்டுமென்றே பிடுங்கச் சொல்லியும் பார்த்தேன். மெயில் வரவில்லை. சந்தோஷமாக டீயை எடுத்தவன் குடிக்காமல் கீழே வைத்தேன். அப்பா!

அப்பா ததேயுஸ் குளச்சல் பக்கம் கடற்கரை வீட்டில் தனியாக இருந்தார். அம்மா போய் மூன்று வருஷம். பேச எங்களுக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. "சொகமில்லன்னா கூப்பிடுவேன். கூப்பிடலேன்னா சொகம்னு வச்சுக்கலே" என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது. இப்போது கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

ஓடிப்போய்ப் பார்த்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்பது நாளாகப் படுக்கை. பக்கத்து வீட்டு லீமா அக்கா கஞ்சி கொடுத்திருக்கிறார். அப்பாவின் சட்டைப்பையில் இருந்த ஃபோன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. என் நம்பரும் அதற்குள்தான்.

"எப்படியாவது சொல்லியிருக்கலாமேப்பா?"

"எதுல சொல்ல? நானும் ஃபோனும் ஒண்ணாட்டுல்லா விழுந்தோம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து நடமாடும்வரை கூட இருந்தேன். புது ஃபோன் வாங்கிக் கொடுத்து, ஸ்கிரிப்டின் கதையையும் சொன்னேன். இனி தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு மிஸ்டு கால். வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் நான்.

"நல்லாயிருந்த கேபிள எதுக்கு மக்கா புடுங்கின?"

"நெசமா அறுந்தா எனக்குத் தெரியுமான்னு பாக்கத்தான்."

அப்பா தலையாட்டிக்கொண்டார்.

நாற்பது நாள் தவறாமல் வந்தது. ஒரே ஒரு ரிங். நான் திருப்பிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு என்ன பேச?

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்கிரிப்டின் மெயில் வந்திருந்தது. நிம்மதியாக வேலையில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் சோற்றில் கை வைத்தபோதுதான் ஃபோனைப் பார்த்தேன். ஆறு மணி மிஸ்டு கால் இல்லை. கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கருங்கல் வழியாகப் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, வழியெல்லாம் மாதாவே மாதாவே என்று நின்றேன்.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் பாய்ந்தேன். அப்பா குளித்து, நல்ல சட்டை போட்டு, மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஃபோனுக்கு என்னாச்சு?"

"அது நல்லாத்தான் இருக்கு. நான்தான் மிஸ்டு கால் விடல, நீ கூப்பிட்டதையும் எடுக்கல. நீதானேலே சொன்ன, ஒருக்கா வேணும்னே புடுங்கிப் பாக்கணும்னு?"

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? எனக்கு உயிரே போச்சு!" என்று கத்தினேன்.

மேசைமேல் இரண்டு தட்டுகள் இருந்தன. அவித்த மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் கறி. இரண்டிலும் யாரும் கை வைக்கவில்லை. கிழங்கு காய்ந்து வெடித்திருந்தது.

"நீ மொதல் பஸ்ஸுக்கே வந்துருவன்னு எட்டு மணிக்கே எடுத்து வச்சேன். ஆறிப்போச்சு" என்றார். "சூடாக்கட்டா மக்கா?"

"அப்பா, நான் மத்தியானந்தான் ஃபோனையே பாத்தேன்" என்றேன்.

அவர் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக அடுப்படிக்குப் போனார்.