செவலையிடம் சொன்னது

"ஏ செவலை, உன் சின்ன எஜமானிகிட்ட சொல்லு. கூழு கரைச்சு வெச்சிருக்குது, வேணும்னா குடிக்கட்டும்."

"செவலை, உன் பெரிய எஜமானிகிட்ட நீயும் சொல்லு. எனக்கு வேலை இருக்குது, அப்புறமா குடிச்சிக்கிறேன்."

அம்மாக்கண்ணுவும் அவள் மருமகள் ரஞ்சிதமும் மூன்று அமாவாசையாக இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற செவலைப் பசு இரண்டு பக்கமும் காதை ஆட்டிக்கொண்டு அசை போடும். மகன் வீராசாமி, "மாட்டுக்கு நல்ல உத்தியோகம்டா இது" என்று சொல்லிவிட்டு அவலூர்பேட்டை சந்தைக்கு மூட்டை தூக்கப் போய்விடுவான்.

சண்டை மாசி அமாவாசையில் ஆரம்பித்தது. மேல்மலையனூரில் அங்காளம்மனைப் பார்த்துவிட்டு வரும்போது, ரஞ்சிதம் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அம்மாக்கண்ணு ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. யாருடைய வண்டியிலோ வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்து மறுநாள் செஞ்சி வந்து சேர்ந்த அம்மாக்கண்ணு, வாசலில் நின்ற மருமகளைப் பார்க்காமல் நேராக மாட்டிடம் போனாள். "செவலை, என்னை நடுரோட்டுல உட்டுட்டு வந்தவங்க இந்த வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டாள். அதோடு நின்றது நேர்ப்பேச்சு.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பங்குனியிலேயே வைக்கோல் போர் தரைமட்டமானது. ரஞ்சிதம் விடிந்ததும் அரிவாளோடு ராஜகிரி அடிவாரத்துக்குப் போய், கோட்டை மதிலோரமாக முளைத்திருந்த புல்லைச் சுரண்டி வருவாள். அதுவும் கருகிப்போனது. பக்கத்துக் கொல்லைக்காரன் பாவாடை தன் கிணற்றடிக் கம்பங்கொல்லையில் களைந்த பயிரை அவ்வப்போது ஒரு கை கொடுப்பான். அதில்தான் செவலையின் மடி வற்றாமல் இருந்தது. கடைத்தெருக் காபி கிளப்புக்கு அந்தப் பால் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

அன்று காலை அம்மாக்கண்ணு கொல்லைப்பக்கம் வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் பச்சையாக ஏதோ பரப்பிக் கிடந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தாலும் பச்சை தெரிந்தது. தடவிப் பார்த்தாள். கொஞ்சம் வாடியிருந்தது.

"பாவாடை குடுத்த கம்பம்பயிரு. இதை மாட்டுக்குப் போடாம பாறைக்கு யாராவது போடுவாங்களா? செவலை, உன் சின்ன எஜமானிக்குப் புத்தி எங்கடி மேயப் போயிருக்குது?"

இரண்டு கை அள்ளிப் போட்டாள். செவலை ஆசையோடு இழுத்தது. பசித்த மாடு தின்கிற சத்தம் கேட்க அம்மாக்கண்ணுவுக்கு இனித்தது. இன்னும் ஒரு கை போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் செவலை தலையை ஒரு மாதிரி உதறியது. கால் பின்னியது. வாயில் நுரை தள்ளி, வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கியபடி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

"செவலை! ஏ செவலை, உன் சின்ன எஜமானியக் கூப்பிடு..." என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். யாரைக் கூப்பிடச் சொல்கிறோம்?

"ரஞ்சிதம்! அடி ரஞ்சிதம்! ஓடியாடி!"

மூன்று மாசமாகக் கேட்காத பெயர். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்த ரஞ்சிதம் மாட்டைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள்.

"ஐயோ அத்தை! அதையா போட்டீங்க? சோளத் துளிரு அத்தை அது!"

 காய்ந்துபோன சோளத்தை அறுத்த கட்டையில், சித்திரைத் தூறலுக்குத் துளிர்த்த துளிர். அது நஞ்சு. அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் துளிர் தலைகாட்டினாலே மாட்டை அவிழ்த்து விடமாட்டார்கள்.

மாட்டு ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். ரஞ்சிதம் போன வேகத்தில் டாக்டர் இளையபெருமாள் சைக்கிளில் வந்து இறங்கினார். செவலையின் கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே செக்கச் சிவந்திருந்தது.

"இதை யாரு போட்டது?"

"நான்தான் அறுத்துட்டு வந்தேன் ஐயா," என்றாள் ரஞ்சிதம்.

"அவ அறுத்தா, போட்டது நான்தான்," என்றாள் அம்மாக்கண்ணு.

"சண்டையெல்லாம் அப்புறம். தலையைத் தூக்கிப் பிடிங்க, மூச்சு முட்டும்." டாக்டர் ஊசியைப் போட்டார். "ரத்தத்துல இருக்கிறதுக்கு இது. வயித்துக்குள்ள கிடக்குதே, அதை முறிக்க ஹைப்போ வேணும். ஆஸ்பத்திரியில இருந்தது தீர்ந்துபோச்சு. கடைத்தெருவுல போட்டோ ஸ்டூடியோ இருக்குது இல்ல? அங்க இருக்கும். போட்டோ கழுவறதுக்கு வெச்சிருப்பாங்க. ஓடுங்க!"

ரஞ்சிதம் மாட்டின் தலையை மடியில் தாங்கியிருந்தாள். அதை அம்மாக்கண்ணுவால் தாங்க முடியாது. ஆகவே ஓடியது அம்மாக்கண்ணு. ஐம்பத்தெட்டு வயசுக்கு அது ஓட்டம்தான்.

ஸ்டூடியோக்காரர் பாலசுப்பிரமணியன் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. மூச்சு வாங்குது பாருங்க. தனியாவா, குடும்பத்தோடயா?"

"மாட்டுக்குப்பா!"

"மாட்டை இங்க கொண்டாந்தா எப்படிம்மா? நான் வீட்டுக்கு வந்து எடுக்கிறேன்."

"படம் எடுக்க இல்லப்பா! சோளத் துளிரத் தின்னுட்டு மாடு விழுந்து கெடக்குது! அது பேரு இன்னா... ஐப்போ! டாக்டரு கேட்டாரு! படம் கழுவற மருந்து!"

அவர் சிரிப்பு நின்றது. உள்ளே போய்க் கற்கண்டு மாதிரி இருந்ததைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து, சைக்கிளை எடுத்தார்.

"பின்னாடி ஏறுங்கம்மா."

"நானா? சைக்கிள்லயா?"

"நடந்தா மாடு காத்திருக்குமா?"

அம்மாக்கண்ணு ஏறினாள். "எதைப்பா பிடிக்கிறது?"

"சீட்டைப் பிடிங்க. என் கழுத்தை விடுங்க!"

கடைத்தெருவே நின்று பார்த்தது. அம்மாக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அங்காளம்மா, அந்தப் பஸ்ஸை நான் மறந்துட்டேன், நீயும் மறந்துடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் மருந்தைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாய் வழியாக ஊற்றினார். ரஞ்சிதம் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். அம்மாக்கண்ணு தொண்டையை நீவி நீவி விட்டாள். இரண்டு பேர் கையும் ஒன்றன்மேல் ஒன்று பட்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"முழுங்குது அத்தை."

"ஆமாண்டி, முழுங்குது."

பிறகு எல்லாரும் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இரைச்சல் குறைந்தது. வயிறு துள்ளுவது நின்றது. வெகுநேரம் கழித்துச் செவலை ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, காதில் உட்கார்ந்த ஈயை விரட்டியது.

டாக்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பிச்சுது. கொஞ்சமாத் தின்னதால பொழைச்சுது. ரெண்டு நாளைக்குப் பாலைக் கறந்து கீழ ஊத்திடுங்க."

அம்மாக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுகை நின்றதும் முதல் கேள்வி கேட்டாள்.

"ஏண்டி, அதை எதுக்கு அறுத்துட்டு வந்தே?"

"நல்லா வெயில்ல முறுகக் காஞ்சா விஷம் போயிடும்னு பாவாடை அண்ணன் சொன்னாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் காயணும்னு செவலைகிட்ட சொன்னேனே அத்தை!"

"நான் எங்கடி கேட்டேன்? ஓடைப்பக்கம் போயிருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க உள்ள இருக்கீங்கன்னு நெனச்சு சத்தமாத்தான் சொன்னேன்."

"அப்போ பஸ்ஸு?"

"எந்தப் பஸ்ஸு?"

"மலையனூரு பஸ்ஸுடி!"

ரஞ்சிதம் மாட்டின் நெற்றியைத் தடவியபடி சொன்னாள்: "உங்களுக்கு இடம் பிடிக்கத்தான் முன்னாடி ஏறினேன். கூடையப் பக்கத்துல வெச்சேன். திரும்பிப் பாத்தா பஸ்ஸு நகருது. கத்தினேன், கண்டக்டரு காதுல உழல. இதையும் அன்னிக்கே செவலைகிட்ட சொன்னேன்."

"அது என்கிட்ட சொல்லவே இல்லையேடி!"

பாலசுப்பிரமணியன் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே சிரித்துவிட்டார். அதற்குள் செவலை பின்னங்காலை ஊன்றி, தடுமாறி, எழுந்து நின்றது. தொட்டியைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தது. ரஞ்சிதம் ஓடிப்போய்த் தண்ணீரை நிறைத்தாள்.

"பாலு இல்லைன்னு காபி கிளப்புல யாரு போய்ச் சொல்றது அத்தை?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

அம்மாக்கண்ணு புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நீ மொதல்ல கூழைக் குடி. நான் போறேன். ஏம்பா, வண்டியில இன்னும் இடம் இருக்குது இல்ல?"