கடைசிப் பல்

"இன்னும் கொஞ்சம் தொற. கடிச்சிடாத," என்றாள் இல்டா. குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நிவால்டோ, மனைவியின் வயிற்றில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தான். பல்லிடுக்கு நூலை இரு நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, அவள் மெல்ல ஒவ்வோர் இடுக்காக இறக்கினாள்.

இதய வால்வு மாற்றிய கையோடு பக்கவாதமும் வந்து அவனுடைய இடக்கை தொங்கிப்போயிருந்தது. ரெசிஃபே நகர ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா இல்டாவைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "ஈறு புண்ணாகி கிருமி ரத்தத்துல ஏறுச்சுன்னா, நேரா புது வால்வுலதான் போய் உக்காரும். காய்ச்சல் அடிச்சா ஒரு நாள்கூடப் பொறுக்காதீங்க." அன்றிலிருந்து கணவனின் பல்லிடுக்குகளை அவளே சுத்தம் செய்தாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு தின்கிறான். நூல் லேசாகப் பட்டாலே ஈறு கசியும். அழுத்தினாலும் பயம், அழுத்தாமல் விட்டாலும் பயம். விரல்களில் படும் அவன் மூச்சின் சூட்டை வைத்துத்தான் காய்ச்சல் இல்லையென்று நிம்மதியடைவாள். பக்கத்து வீட்டுக் க்ரெயுசாவிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லி அழுதிருந்தாள்.

சனிக்கிழமை துணி உலர்த்திவிட்டு வந்தபோது அவனுடைய நாற்காலி காலியாக இருந்தது. குளியலறையிலும் இல்லை, படுக்கையிலும் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். வீடிருந்த குன்றின் படிக்கட்டில் அவன் ஏறி வந்துகொண்டிருந்தான். வலக்கை கைப்பிடிக் கம்பியில் இருந்தது. மருந்துக்கடைப் பையைப் பற்களால் கவ்வியிருந்தான்.

"விழுந்து செத்திருந்தா?"

அவன் படியேறி முடித்து, உட்கார்ந்து, மூச்சு வாங்கிய பிறகுதான் பையை அவளிடம் நீட்டினான். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வில்லில் நாண்போல இழுத்துக் கட்டிய நூல். ஒருமுறை குத்தியெடுத்துவிட்டு எறிந்துவிடலாம்.

"உன் நூலுக்கு ரெண்டு கை வேணும். இதுக்கு ஒண்ணு போதும்."

"அது பல்ல வளைச்சுப் பிடிக்காது, நிவால்டோ. பின்னால எட்டாது. ஒரு இடுக்கு அழுக்க அடுத்த இடுக்குக்கு இழுத்துட்டுப் போவும்."

"கழுவிக்கிறேன்."

"ரத்தம் நிக்கலன்னா?"

"நீ குத்தினாலும் வர்றது என் ரத்தந்தான?" அவன் படிகளைப் பார்த்தபடி சொன்னான். "டொமினோ ஆடுற மேசையில என்ன பேசிக்கிறானுங்க தெரியுமா? நிவால்டோவுக்கு இப்பத்தான் பல்லு மொளைக்குதாம், அவன் அம்மா தேச்சு விடுறாளாம்."

க்ரெயுசாவின் ஜன்னல் திறந்திருந்தது. இல்டா திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் குச்சியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அவள் வெளியே நின்றாள். குழாய் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. அவன் தரையில் சரிந்து கிடப்பதாகவும், வாயோரம் ரத்தம் வழிவதாகவும் அவளுக்குத் தோன்றியது. இன்றைக்கு விட்டால் நாளைக்கும் விட வேண்டும். அவன் உடம்பு சுடுகிறதா என்று இனி எதை வைத்துத் தெரிந்துகொள்வாள்? உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. கைப்பிடியைப் பற்றினாள்.

"நிவால்டோ?"

"உசுரோடதான் இருக்கேன்."

சற்று நேரம் கழித்து வெளியே வந்து, அவள் முன் நின்று வாயைத் திறந்தான். அவள் போன் விளக்கை அடித்தாள். முன்பற்களெல்லாம் சுத்தமாக இருந்தன. கீழ்வரிசைக் கடைசிப் பல்லருகே மக்காச்சோளத் தோல் ஒன்று மஞ்சளாய்ச் சிக்கியிருந்தது.

நூல்டப்பா அவள் பாவாடைப் பைக்குள்தான் இருந்தது. விரல்கள் அதைத் தொட்டன. அவன் வாயைத் திறந்தபடியே அவள் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது பக்கம், கடைசிப் பல்லு," என்றாள் இல்டா. "போய் எடு."

அவன் திரும்பிப் போனான். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. இல்டா இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு குளியலறை வாசல்படியிலேயே நின்றாள். கண்ணாடியில் அவன் முழங்கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கீழே, முகம் கழுவும் வெள்ளைத் தொட்டியில், சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு, சற்றுத் தள்ளி, இன்னொன்று.