விழுந்த இடம்

காவலாளி மூன்றாவது முறையாகக் கையை வீசிப் போகச் சொன்னான். புவாலா நகரவில்லை. தகர வேலியின் நிழல் ஒரு முழ அகலத்துக்குத்தான் விழுந்திருந்தது. அதற்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். மடியில் மீன் அள்ளுகிற கைவலை. வலைக்குள் புருஷன் கம்போங்கின் சட்டை, ஒரு அவித்த முட்டை, வாழையிலையில் பொதிந்த பசையரிசிச் சோற்று உருண்டை, இரண்டு பழம், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கொத்து வெள்ளை நூல்.

கான்கிரீட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் கதவு முழுசாகத் திறந்து மூடியது. அந்த நேரம் எட்டிப் பார்த்தால் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் அடிப்பாகம் தெரியும், கம்பியும் சாரமுமாக. அடுப்பில் வைத்த பித்தளைச் சாமான் மாதிரி காய்ந்தது பாங்காக் வெயில்.

"இங்க மீனெல்லாம் கிடைக்காது, லாவோக்காரி," என்றான் காவலாளி. "வலைய எடுத்துக்கிட்டு வேற குளமாப் பாரு."

லாரி ஓட்டுநர் ஒருவன் சிரித்தான். லாவோக்காரி என்பது பாங்காக்கில் வடகிழக்கு ஆட்களுக்கு வைத்திருக்கிற கேலிப்பெயர். புவாலா வலையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். சண்டை போட வந்திருந்தால் வடகிழக்கே யசோதோனிலிருந்து வலையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டாள்.

பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க விட்டார்கள். கலவை சுமக்கிற சேங்சன் வேலி இடுக்கு வழியாக ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் தண்ணீரை நீட்டினாள். இருவரும் ஒரே தாலுகா. கம்போங் விழுந்த அன்று ஊருக்குப் போன் போட்டவளே இவள்தான்.

"இன்னும் விடலையா, அக்கா?"

"விடல. அவரு எந்த எடத்துல விழுந்தாரு, இன்னொருக்கா சொல்லு. சரியாத் தெரிஞ்சுக்கணும்."

"நாலாவது மாடில இருந்து லிஃப்ட் குழிக்குள்ள. கம்பி தூக்கிட்டு பின்னால நகந்தாரு. பலகை போடுங்க பலகை போடுங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்போம். மறுநாளே போட்டுட்டானுங்க, பாவிங்க. மஞ்சப் பெயின்ட் வேற." சேங்சன் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை விசாரணையில நான் வந்து சொல்றேன், அக்கா. பாத்தவ நான்தான."

வெள்ளிக்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. வேலையில் விழுந்தான் என்று அங்கே எழுதினால்தான் மருத்துவமனைப் படுக்கையும், எழுந்து நடக்கிறவரை வீட்டுக்குச் சோறும். கம்பெனி வேறு கதை சொன்னது. அவன் குடித்துவிட்டு வாசலுக்கு வெளியே சாலையில் பைக்கிலிருந்து விழுந்தானாம். கம்போங்குக்கு பைக் ஓட்டவே தெரியாது என்று புவாலா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆனால் இன்று அவள் வந்தது அதற்காக அல்ல. ஒன்பது நாளாக கம்போங் ஒரு பருக்கைகூட விழுங்கவில்லை. இடுப்புக்கும் தொடைக்கும் இரும்பு வைத்துவிட்டார்கள், எலும்பு கூடிவிடும் என்றார் டாக்டர். அவன் கண்தான் கூரையைவிட்டு இறங்கவில்லை. இமை மூடினால் போதும், உடம்பு தூக்கிப்போடும், இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுவான். டாக்டர் அதற்கும் ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதினார். புவாலாவுக்கு டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனுடைய குவன், உயிரைக் காக்கிற ஆவி, விழுந்துவிட்டது. உடம்புக்குள் இருக்கிற முப்பத்திரண்டு குவனில் ஒன்று பயந்து கீழே விழுந்தால், விழுந்த இடத்தைவிட்டு அசையாது. வழி தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். சொந்தக்காரர் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வலையில் அள்ளி, கீழே வைக்காமல் கொண்டுவந்து, நூலால் மணிக்கட்டில் கட்டிப்போட வேண்டும். அது இல்லாமல் மனுஷன் சோறு தின்ன மாட்டான், தூங்க மாட்டான், கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப் போவான்.

சேங்சன் போன பிறகு வெள்ளைத் தொப்பிக்காரன் வந்தான். பாதுகாப்பு அதிகாரி சுத்தின். முப்பது வயதுக்கு மேல் இருக்காது, முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை. காலையிலேயே அவனிடம் கும்பிட்டுக் கேட்டிருந்தாள்.

"அம்மா, உங்களுக்குச் சொன்னா புரியலையா? உள்ள வெளியாட்களுக்கு அனுமதி இல்ல," என்றான், டிவியில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி சுத்தமான பாங்காக் பேச்சில். "இந்த வலை எதுக்கு?"

"குவன் அள்ளணும், ஐயா. அஞ்சு நிமிசம் போதும். லிஃப்ட் குழிகிட்ட மட்டும்."

குவன் என்ற சொல்லைக் கேட்டதும் சுத்தின் வலையைப் பார்த்தான். சட்டையை, முட்டையை, நூலைப் பார்த்தான். நேராக மேனேஜருடைய பெட்டி ஆபீசுக்குப் போனான். கண்ணாடி ஜன்னல் வழியாக புவாலாவுக்கு இருவரும் தெரிந்தார்கள். சுத்தின் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். ஒரு கையால் காற்றில் அள்ளிக் காட்டினான். மேனேஜர் சிரித்தார். சுத்தின் மேலும் ஏதோ சொன்னான். மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அரைமணி கழித்துத் திரும்பி வந்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளெதிரே குந்தினான். அவர்கள் ஊரில் உட்காருகிற மாதிரியே, குதிகால் தரையில் படிய.

"அக்கா, எந்த ஊரு நீ?"

புவாலா திடுக்கிட்டுப் போனாள். அச்சு அசலான ஊர்ப் பேச்சு. வயக்காட்டு வரப்பில் எதிரே வருகிறவன் கேட்கிற மாதிரி.

"யசோதோன் பக்கம். நீ... நீங்க?"

"நீன்னே சொல்லு. நான் கலாசின், நம்ம வடகிழக்குதான். இங்க யாருக்கும் தெரியாது." பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஏழு வயசுல ஏரியில முங்கிட்டேன். எங்கம்மா இதே மாதிரி ஒரு வலையில என் குவன அள்ளிக் கொண்டாந்துச்சு. இல்லாட்டி இப்ப இந்தத் தொப்பி யார் தலைல இருந்திருக்குமோ."

புவாலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாங்காக் வந்த நாளாக எவனும் அவளிடம் இந்தக் குரலில் பேசவில்லை. ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கடையில், எங்கே வாயைத் திறந்தாலும் ஒரு இளிப்பு. இப்போது நடு ரோட்டில் தம்பி ஒருத்தன் முளைத்துவிட்டான்.

"உள்ள மட்டும் விட மாட்டாங்க, அக்கா. நான் கால்ல விழாத குறையாக் கேட்டுப் பாத்துட்டேன். இங்க இருந்தே கூப்பிடேன்."

"இங்க இருந்தா? விழுந்த எடத்துலல்ல கூப்பிடணும், தம்பி?"

"முப்பது அடிதான். கதவத் தொறந்து விடச் சொல்றேன். பொண்டாட்டி குரல் கேட்டா குவன் வராமலா போயிரும்? நம்ம சனத்துக் குவன், நம்ம பேச்சக் கேட்டா ஓடி வரும்."

அவள் யோசித்தாள். விழுந்த இடத்தில் கூப்பிடாமல் வாசலில் கூப்பிட்டவர்களை அவள் பார்த்ததில்லை. ஆனால் ஒன்பது நாளாகிவிட்டது. இன்னும் எத்தனை நாள் தாங்குவான்?

"இப்படி வா, நெழல் இருக்கு," என்று சாலையோரம் கூட்டிப் போனான். நடைபாதையின் விளிம்பு உடைந்து கிடந்த இடம். பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். தன் கைக்குட்டையை விரித்து மெழுகுவர்த்தியை அவனே பற்ற வைத்தான். காற்றில் அணையாமல் தொப்பியை மறைவாகப் பிடித்தான். காவலாளியிடம் பாங்காக் பேச்சில் ஒரு அதட்டல் போட, கதவு அகலமாகத் திறந்தது.

புவாலா மண்டியிட்டாள். வலையைக் கதவின் பக்கம் நீட்டி, தண்ணீரில் மீன் அள்ளுகிற மாதிரி மெதுவாக இழுத்தாள்.

"வா குவனே, வா. கம்போங்கோட குவனே, எந்திரிச்சு வா. குழியில இருக்காத, அங்க இருட்டு. கம்பிக்கு நடுவுல இருக்காத, குத்தும். சோறு ஆறுது, பாய் விரிச்சுக் கெடக்கு. உன் பொண்டாட்டி வந்திருக்கேன், வா."

இரண்டாவது முறை குரல் உடைந்தது. உள்ளே சாரத்தில் நின்றிருந்த ஊர்க்கார ஆட்கள் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கும்பிட்டார்கள். "வருது, வருது" என்று மேலிருந்து ஒருத்தி சொன்னாள். சேங்சனின் குரல் மாதிரி இருந்தது. மூன்றாவது முறை அள்ளி முடித்ததும் புவாலா சட்டையால் வலையின் வாயை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சுத்தின் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மாவுக்கு அனுப்ப, அக்கா. பாத்தா சந்தோசப்படும்."

கிளம்பும்போது அவள் கொத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். "கையக் குடு, தம்பி." அவன் தயங்கினான். "குடுப்பா, பெத்தவ ஸ்தானத்துல கட்டுறேன்." மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "நீ நல்லா இருக்கணும். நல்ல புள்ளயப் பெத்திருக்கா உங்கம்மா. மூணு நாளைக்கு அவுத்துராத."

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவள் வலையைக் கீழே வைக்கவில்லை. வார்டில் கம்போங் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் மணிக்கட்டில் நூல் கட்டி, முட்டையை உரித்துக் காட்டினாள். பள்ளமில்லாமல் வழவழவென்று இருந்தது, குவன் வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

"எங்கருந்து எடுத்த?" ஒன்பது நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி.

"வாசல்ல நின்னு கூப்பிட்டேன். வந்துருச்சு."

அவன் யோசித்தான். "கதவு வரைக்கும்... நடந்தா வந்துச்சு?"

"உன்ன மாதிரி குதிச்சு வந்திருக்கும். வாயத் தொற."

பாதி முட்டையைத் தின்றான். சோற்றில் ஒரு பிடி. சாயங்காலம் கால்மணி நேரம் கண்ணை மூடினான், அப்புறம் வழக்கம்போலத் தூக்கிப்போட்டது. கால்மணி நேரம் வந்ததே என்று புவாலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தொழிலாளர் அலுவலகத்துக்குச் சேங்சன் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முந்தின நாளே அவளை ராயோங்கில் வேறு வேலைக்கு ஏற்றிவிட்டார்கள் என்று சாரம் கட்டுகிற ஒருவன் சொன்னான். புவாலா தனியாகப் போய் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் சுத்தின் இருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குத் தெம்பு வந்தது.

"தம்பி!" என்றாள்.

அவன் மேஜையைப் பார்த்தான்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். கடுமையானவள் அல்ல. புவாலாவுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். பிறகு கோப்பிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது நீங்கதானே?"

அவளேதான். உடைந்த நடைபாதையோரம் மண்டியிட்டு, வலையை நீட்டி, வாயைத் திறந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் விளக்குக் கம்பம், சாலை, போகிற வண்டிகள். கட்டடமும் கதவும் படத்தில் இல்லை.

"ஆமா. நான்தான்."

"கம்பெனி இதோட பாதுகாப்பு அதிகாரி எழுதின ஒரு கடிதமும் குடுத்திருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க." அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "'வடகிழக்கு மாகாண மக்களின் வழக்கப்படி, ஒருவர் விழுந்த இடத்தில் மட்டுமே இந்தச் சடங்கு செய்யப்படும். வேறு எங்கும் செய்யப்படுவதில்லை. நானும் கலாசின் மாகாணத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.'" தாளைக் கீழே வைத்தாள். "இது சரிதானா? விழுந்த எடத்துலதான் செய்வீங்களா?"

புவாலா படத்தைக் கையில் எடுத்தாள். சரிதான். அவளுடைய அம்மா சொன்னது, ஊரே சொல்வது, அன்றைக்கு அவளே இவனிடம் சொன்னது.

"சரிதான், அம்மா. ஆனா அவரு அங்க விழல. லிஃப்ட் குழியில விழுந்தாரு. என்னை உள்ள விடல. இவருதான்... இவருதான் அங்க உக்கார வச்சு கூப்பிடச் சொன்னாரு. மெழுகுவத்திகூட இவருதான் பத்த வச்சாரு!"

"மெதுவாப் பேசுங்க. நீங்க பேசறது எனக்குப் பாதி புரியல."

புவாலா சுத்தினை நோக்கித் திரும்பினாள். "தம்பி, சொல்லுப்பா. நம்ம பேச்சுல சொல்லாட்டியும் போகுது, அவங்க பேச்சுலயாவது சொல்லு."

சுத்தின் அதிகாரியைப் பார்த்துப் பேசினான். செய்தி வாசிக்கிற குரல்தான், ஒரு எழுத்து பிசகவில்லை. "கடிதத்துல எழுதினதுக்கு மேல எனக்குச் சொல்ல எதுவும் இல்லைங்க."

"நேர்ல பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று அதிகாரி புவாலாவிடம் கேட்டாள். புவாலா சேங்சனின் பெயரைச் சொன்னாள். வந்திருக்கிறாளா என்று அதிகாரி கேட்டாள். புவாலா தலையாட்டினாள், இல்லை என்று. அதிகாரி படத்தைக் கோப்புக்குள் வைத்தாள். 'வாசலுக்கு வெளியே, சாலையில்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினாள். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தத்தை புவாலா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்போங் இந்நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். குவன் இன்னும் அந்தக் குழியில்தான் இருக்கிறது. மஞ்சள் பலகைக்குக் கீழே.

எழுதி முடித்த தாளை அதிகாரி சுத்தின் பக்கம் தள்ளினாள். "சாட்சி கையெழுத்து. உங்க பேரு, பொறந்த மாகாணம், ரெண்டையும் எழுதுங்க."

சுத்தின் பேனாவை எடுத்தான். எழுத வாகாகச் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டான். மணிக்கட்டில் மூன்று சுற்று வெள்ளை நூல் அப்படியே இருந்தது, அவள் போட்ட முடிச்சோடு.