லூர்து கோலை உடைத்த நாள்

“டிவிய மூடுறியா, இல்ல உலக்கையால ஒண்ணு போடட்டுமா?” என்று அன்னாமேரி போட்ட கூச்சல் குழாயடி வரைக்கும் கேட்டது.

“அப்பாதான் போடச் சொல்றாரு அத்த!” ஞானசுந்தரியும் விடவில்லை.

“இப்பத்தான் சாமியார் அவஸ்தை பூசிட்டுப் போனாரு. நெத்தியில எண்ணெகூடக் காயல. பொம்மப் படம் பாத்துனு சாவணுமாடி எங்கண்ணன்? மேல இருக்கறவரு இன்னா நெனப்பாரு?”

கட்டிலில் கிடந்த சூசைநாதன் கண்ணைத் திறக்காமலே, “போடு” என்றார். பட்டாளத்துக் குரல். அன்னாமேரி உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

சூசைநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். வில்லியனூர்ப் பக்கத்தில் ‘சொல்தா’, பிரெஞ்சில் சிப்பாய், என்றால்தான் தெரியும். பாரிஸில் இருக்கும் மூத்த மகள் செலின் மேரி போன வருஷம் ஒரு வீடியோ டெக்கும், தன் குழந்தையின் ஞானஸ்நானம் பிடித்த கேசட்டும் அனுப்பியிருந்தாள். ஞானஸ்நானம் முடிந்த பிறகும் நாடா ஓடியது. அந்த ஊர் டிவியில் வந்த ஜப்பான்காரன் பொம்மைத் தொடர் ஒன்று அதில் ஏறியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் பெண் ஒருத்தி கைக்கோலைச் சுழற்றுவாள். சுற்றிலும் ஒளி எழும்பும். வளர்ந்த வீராங்கனையாகி ஊரைக் காப்பாற்றுவாள். ஞானஸ்நானத்தை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பொம்மையைத் தெருவே கேட்டது. செலினும் மாதா மாதம் அனுப்பினாள். ஒளியைப் பார்த்து, லூர்து மாதாவேதான் என்று கோயில் தெரு அவளுக்கு லூர்து எனப் பேர் வைத்தது. கீழத்தெருத் தையலம்மாள் மட்டும், “இது முத்துமாரிதான்” என்பதில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை.

பேச்சு பூராவும் பிரெஞ்சு. சொல்தா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவருக்குப் பிரெஞ்சு தெரியாமல் போகுமா?

டெக்கை ஓட்டக் கரண்ட் கடைப் பச்சையப்பன் வருவான். அவன் வருகிற நாளில் ஞானசுந்தரி தலையில் கனகாம்பரம் ஏறுவதைத் தெரு கவனிக்காமல் இருக்குமா? கவனித்தது. அப்பா கவனித்தாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. வேதம் வேறு, சாதி வேறு. கேட்க வாய் வராமலே ஒரு வருஷம் போய்விட்டது. அவர் கண்ணை மூடினால், கரியமாணிக்கத்திலிருக்கும் தன் மகன் தாமஸுக்கு அவளைக் கட்டிவிட அத்தை தயாராக நின்றாள்.

லூர்துக்கும் ஒரு சங்கடம். அவள் இரகசியம் வீட்டாருக்குத் தெரிந்தால் கோல் செத்துவிடும். போன கேசட் நின்ற இடம் அப்படி: சிநேகிதப் பையனை ஆற்று வெள்ளம் இழுக்கிறது, கோலோடு இவள் கரையில், பின்னால் அப்பன்காரன். அடுத்த கேசட் வந்த அன்றைக்கே சொல்தா படுக்கையில் விழுந்தார். தெருவுக்கு இரட்டைத் துக்கம்.

ஆகவே அன்று மத்தியானம் கூடம் கொள்ளவில்லை. ஜெபம் சொல்ல வந்தவர்கள் யார், படம் பார்க்க வந்தவர்கள் யார் என்று பிரிக்க முடியாது. ஜெபமாலை கையில் உருண்டது. கண் டிவியில் இருந்தது. பச்சையப்பன் பொத்தானை அழுத்தினான். ஞானசுந்தரி அப்பாவைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பையன் முங்கினான். லூர்து அப்பனைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள்.

“சுத்துடீ!” என்று தையலம்மாள் அலறினாள்.

சுற்றினாள். திரை வெளுத்தது. கூடமே “மாதாவே!” என்றது, அன்னாமேரியின் தொண்டைதான் முன்னால். பையனைத் தூக்கிக் கரையில் போட்டதும் கோல் படாரென்று இரண்டாய் உடைந்தது. அழுக்குப் பாவாடையோடு லூர்து அப்பன் முன்னால் நின்றாள். அப்பன் ஏதோ நீளமாய்ப் பேசினான்.

“இன்னா சொல்றான் சொல்தாண்ணே? சீக்கிரம்!”

சூசைநாதன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரமானது.

“எனக்கு எப்பவோ தெரியும்ன்றான்.”

“அப்புறம்?”

“பயப்படாதன்றான். வேதம் வேறயா இருந்தா இருக்கட்டும்ன்றான். பையன் நல்லவன். அவன்கூடப் போன்னு சொல்றான்.”

“ஜப்பான்லகூடவா வேதம் பாக்கறாங்க!” என்று தையலம்மாள் வாயைப் பிளந்தாள். கூட்டம் கை தட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள். பச்சையப்பன் டெக்குப் பக்கமே குனிந்து, இல்லாத ஒரு ஒயரைத் தேடிக்கொண்டிருந்தான்.

முடிவுப் பாட்டு ஓடியது. தோளில் பாரம் கூடியது ஞானசுந்தரிக்குத்தான் முதலில் தெரிந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் செலின் மேரி வந்தாள். அந்தக் கேசட்டைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்பா சொன்ன கதையைக் கேட்டாள். சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள்.

“அப்பாவுக்கு ஏது பிரெஞ்சு? நட, நில்லு, சுடு, அவ்ளோதான் தெரியும். படத்துல அப்பன்காரன், ‘ஈரத்துல நிக்காத, உள்ள வா, சூப்பு ஆறிடும்’னுதான் சொல்றான்.”

அன்னாமேரி துள்ளி எழுந்தாள். “கேட்டுக்கிட்டீங்களா? போன்னும் சொல்லல, வான்னும் சொல்லல! பொம்ம அப்படி ஒண்ணுமே சொல்லலடி!”

“சரி அத்த, பொம்ம சொல்லல” என்றாள் ஞானசுந்தரி. “அப்போ சொன்னது யாரு?”

அன்னாமேரி விருட்டென்று அடுப்படிக்குப் போய், கொதிக்காத உலையைக் கிளற ஆரம்பித்தாள்.

தாமஸ் அடுத்த தையிலேயே செல்லிப்பட்டில் பெண் எடுத்தான். செலின் பாரிஸுக்குத் திரும்பினாள். ஞானசுந்தரியும் பச்சையப்பனும் பதிவு ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு, கிருமாம்பாக்கத்தில் ரோட்டோரமாய்க் கடை வைத்துக் குடி போனார்கள். அன்னாமேரி கல்யாணத்துக்குப் போகவில்லை. சாமான் வண்டி கிளம்புகிற சமயத்தில் மட்டும் வந்து, வைக்கோலில் பொதிந்த ஒரு கூடை முட்டையை முன்சீட்டில் வைத்தாள். பெண்ணைப் பார்க்காமல் டிரைவரிடம் சொன்னாள்:

“பள்ளம் பாத்து ஓட்டுப்பா.”