சமாப்திகா என்கிற சமி

1
இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. ஒரு கத்தலிலிருந்து வந்தது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கொஞ்சகாலம் இருந்தேன். தையல் லைனில் சூப்பர்வைசர் ஒருத்தியைக் கூப்பிட்டார்: "போதும்! இங்க வா!" லைன் முழுக்க மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டது. அவர் கூப்பிட்டது போதும்பொண்ணை. மற்றவர்கள் வேலை போதும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேலையை விட்டுவிட்டேன். கத்தல் என்னை விடவில்லை.

2
முதல் தொடக்கம்: "மாதனூரின் பச்சை வயல்களுக்கு நடுவே ஓர் அழகிய…" அடித்துவிட்டேன். வயலை எழுதினால் பரிசு வரலாம். ஆனால் இவளை ஏற்றிப்போக வருவது கம்பெனி பஸ்.

இரண்டாவது தொடக்கம்: "போதும்பொண்ணுக்கு இரண்டாவதும் பெண்." இது போகும். இந்த ஒரு வரியிலேயே வீட்டில் எல்லார் முகமும் தெரிந்துவிடுகிறது.

(வெளியூர் வாசகருக்கு: வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு இப்படிப் பெயர் வைப்பது வழக்கம். சாமிக்கு விண்ணப்பம். சாமி படித்ததா தெரியவில்லை. இவளுக்குப் பிறகும் இவள் அம்மாவுக்கு இரண்டு பெண்கள்.)

3
மாமனார் சுந்தரமூர்த்தியை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. மூத்த பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிகொண்டா கோயிலுக்குப் போகிற மனிதர். அன்பானவர். தொல்லையே அதுதான்.

அங்கே எண்கணிதம் பார்ப்பவரிடம் ஒரு பெயர் வாங்கி வந்தார்.

"சமாப்திகா. கூப்பிட, சமி."

கணவன் செந்தில்குமார் வாயில் உருட்டிப் பார்த்தான். "கெத்தா கீதுப்பா. நம்ம தெருவுலயே யாருக்கும் இல்ல."

"யார் வாயிலயும் நுழையாது," என்றாள் போதும்பொண்ணு. ஆனாலும் அவளுக்குப் பிடித்திருந்தது. 'போதும்' மாதிரி இந்தப் பெயரைச் சொல்லி யாரும் சோற்றுத் தட்டை நகர்த்த மாட்டார்கள்.

4
லைனில் பக்கத்து மிஷினில் தைக்கிற தபஸ்ஸும் என்பவள் குழந்தையைப் பார்க்க வந்தாள். பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"சமாப்தியா? ஹிந்தி படத்துல கடைசியா 'சமாப்த்'னு போடுவான்டி. அது வந்துச்சுன்னா எல்லாம் எழுந்து போய்டுவாங்க."

"சும்மா பேஜார் பண்ணாதடி."

"அல்லா மேல ஆணை. என் பேருக்கு அர்த்தம் புன்னகை. சூப்பர்வைசர் மூஞ்ச பாத்தா வரமாட்டேங்குது, அது வேற."

அவள் போனதும் போதும்பொண்ணு மாமனாரிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"மூணாவதும் இப்டியே ஆய்டக் கூடாது பாரும்மா. முழுப்பேரு சாமிக்கு. சமிதான் நமக்கு."

"என்னையும் பொண்ணுன்னுதான் செல்லமா கூப்ட்டாங்க மாமா. லைன்ல அது யாருக்குத் தெரியும்?"

அவர் செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது.

5
இந்த இடத்தில் கதைக்கு ஒரு புரட்சி தேவைப்படுகிறது.

முடிவு அ: அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு… எங்கே போவாள்? அம்மா வீட்டுக்கா? போதும்பொண்ணு என்று பெயர் வைத்ததே அவர்கள்தான்.

முடிவு ஆ: மாமனார் கண்கலங்கி, "பெண் குழந்தை மகாலட்சுமி" என்கிறார். எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அவர் அதையும் சொல்வார், பெயரையும் வைப்பார்.

6
ஆகவே நடந்தது மட்டும். பெயர் வைக்கிற நாள். வாசலில் பிளெக்ஸ் பேனர்: கொட்டை எழுத்தில் சமாப்திகா, பக்கத்தில் நெட்டில் சுட்ட வெள்ளைக்காரக் குழந்தை. செந்தில்குமாரின் அக்கா எழிலரசி, காதில் பெயர் சொல்லக் குனிந்தாள்.

"இருங்க அண்ணி, நான் சொல்றேன்."

"அத்தைதானடி சொல்லணும்?"

போதும்பொண்ணு அதற்குள் குழந்தையின் காதில் சொல்லி முடித்துவிட்டாள்.

"இன்னா சொன்ன?" என்றார் மாமனார்.

"பேரு."

"அதான், இன்னா பேரு?"

"அவளாண்ட சொல்லிட்டேன் மாமா. பேச்சு வந்ததும் அவளே சொல்லுவா. அதுவரைக்கும் பாப்பான்னு கூப்டுங்க."

செந்தில்குமார் பேனரைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், "பாப்பா" என்றான். குழந்தை கொட்டாவி விட்டது.

எனக்கும் அந்தப் பெயர் கேட்கவில்லை. [இங்கே ஒரு பெயர் எழுதினேன். படித்தால் பள்ளிகொண்டாவிலிருந்து வாங்கி வந்தது போலிருந்தது. அடித்துவிட்டேன்.]

வாசகரே, இதற்குள் உங்களுக்கும் ஒரு பெயர் தோன்றியிருக்கும். நல்ல பெயராகவே இருக்கும். உங்களிடமே இருக்கட்டும். உங்களை யாரும் கேட்கவில்லை.