மறுத்துவிட்டுக் கூடவே போன குழந்தை

ஹரிபிரசாத்துக்கு அந்த ராஜகுமாரியின் மேல் பொறாமை என்றே சொல்லலாம். ஒரு சாபம், ஒரு ஊசிக் குத்து, நூறு வருஷத் தூக்கம். நடுவில் மெயில் போட்டு எழுப்ப ஆளே கிடையாது. கொடுத்து வைத்தவள். இவனுக்கோ ஞாயிற்றுக்கிழமைகூட கண் எரிச்சலோடுதான் விடிந்தது.

ராஜகுமாரி கதை ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஹரி வேலை பார்த்த, புனே ஔந்த் பகுதியிலிருந்த அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு வந்தது அதிலிருந்து பிரிந்த ஒரு கிளைக்கதை. அரண்மனையே தூங்கிப்போன அன்று சமையற்காரனின் இரண்டு பெண்கள் மட்டும் சந்தைக்குக் கீரை வாங்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தால் வாசலை முட்புதர் மூடிக் கிடக்கிறது, அப்பா உள்ளே தூங்குகிறார். முள்ளுக்குள் புகுந்து போய் அவரை எழுப்பப் பார்க்கிறார்கள். பண்டிகை நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து டிவியில் பார்ப்பதற்கான குட்டி அனிமேஷன் படம். கதை, வசனம், கோட்டை, கொத்தளம் எல்லாம் வெளிநாட்டில். பொம்மைக்குக் கைகால் முளைத்து நடக்க வைக்கிற கழுத்தறுப்பு மட்டும் புனேயில். அந்த 2004-ல் இப்படி வேலைகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. கோயம்புத்தூரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்து புனேயின் வாகட் பகுதியில் பிளாட் எடுத்த ஹரிக்கு, அந்தப் பிளாட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

பொம்மையை அசைப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதை நடித்துக் காட்டவேண்டும். அதை வீடியோ எடுத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, பார்த்துப் பார்த்துப் பொம்மையை ஆட்டுவிப்பார்கள். ஸ்டுடியோவில் எல்லோருடைய மேஜையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். கோபப்படுகிற காட்சி வந்தால் பாதிப் பேர் கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவன் இது என்ன ஆஸ்பத்திரி என்று நினைப்பான்.

படத்தில் அக்கா, "என்னோடு வருகிறாயா?" என்று கேட்கிறாள், தங்கை சம்மதித்துத் தலையாட்டுகிறாள். இந்த ஷாட் ஹரிக்கு வந்தது. குழந்தை தலையாட்டினால் தோள், வயிறு, முழங்கால் எல்லாம் சேர்ந்து ஆடும், பெரியவர்களை வைத்து அதைப் பிடிக்க முடியாது. அதனால் ஐந்து வயது மகள் சஹானாவை வீட்டு ஜன்னலோரம் நிறுத்தி, ஹேண்டிகேமைத் தூக்கிக்கொண்டு, "ரயிலு வுடற பார்க்குக்குப் போலாமா கண்ணு? அப்பாகூட வர்றியா?" என்று கேட்டான். அவள் முகம் முழுக்கச் சிரிப்பாகி, தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அப்படியொரு சம்மதத்தை ஹரி எந்த நடிகரிடமும் பார்த்ததில்லை. கேமராவை அப்படியே பைக்குள் வைத்து ஸ்டுடியோவுக்கு ஓடினான்.

குழந்தை ஷூ போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்ததை மனைவி ப்ரீத்தி போனில் சொன்னாள். அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லச் சொன்னான். அடுத்த வாரமும் வந்தது, போனது. அதற்கப்புறம் வந்த வாரங்களை யார் கண்டார்கள்.

ஷாட் பிரமாதமாக வந்தது. ஸ்டுடியோவே சுற்றி நின்று பார்த்தது. ஆனால் வெளிநாட்டுக் கிளையன்டிடமிருந்து வந்த மெயில் வேறு மாதிரி இருந்தது. படம் அழகு, ஆனால் குழந்தை ஏன் மாட்டேன் என்கிறது? மாட்டேன் என்றுவிட்டு அடுத்த ஷாட்டில் ஏன் கூடவே போகிறது?

"இதுல எங்க மறுப்பு இருக்கு?" என்று டீம் லீடர் கானிட்கர் இந்தியில் கேட்டார். கேட்கும்போதே அவர் தலையும் பக்கவாட்டில் ஆடிற்று. அத்தனை பேர் பார்த்தும் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. அந்த நாட்டுக்காரர்களுக்குத் தலை மேலும் கீழுமாகப் போனால்தான் சரி, பக்கவாட்டில் போனால் மாட்டேன் என்று அர்த்தம். முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் கானிட்கர், திங்கட்கிழமைக்குள் மாற்றி அனுப்பவேண்டும் என்றதும் சிரிப்பு நின்றுபோனது. ஹரி கண்ணாடி முன் உட்கார்ந்து நேராக ஆட்டிப் பார்த்தான். இரண்டாவது ஆட்டலிலேயே கழுத்து பழைய வழிக்குப் போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷம் பழகிய கழுத்து, அதைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே ஜன்னல், அதே ஹேண்டிகேம்.

"மறுபடியும் அவளத்தான் நிறுத்தப் போறீங்களா?" என்றாள் ப்ரீத்தி, தோசை திருப்பியைக் கையில் பிடித்தபடி. "அன்னிக்கு ஷூவக் கழட்ட மாட்டேன்னு எத்தன அழுக அழுதா தெரியுங்களா? இப்பெல்லாம் உங்ககிட்ட அவ ஒண்ணுமே கேக்கறதில்ல. அதையாவது பாத்தீங்களா?"

பார்த்திருந்தான். அதுதான் அவனைக் குடைந்துகொண்டிருந்தது. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்திவிடலாம். கேட்பதையே நிறுத்திவிட்ட பிள்ளையை என்ன செய்வது? இந்தப் படம் முடியட்டும், எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துப் போயிருந்தது.

சஹானா வந்து ஜன்னலோரம் தானாகவே நின்றாள். "இது சூட்டிங்காப்பா, இல்ல போறதா?"

"சூட்டிங்குதான் கண்ணு." பொய் சொல்லாமல் தப்பித்ததில் அவனுக்கு ஒரு சின்ன நிம்மதி. "இந்தத் தடவ தலைய மேலயும் கீழயும் ஆட்டோணும். வெளிநாட்டுப் பாப்பா மாதிரி."

"தெரியும். எங்க மிஸ் அப்படித்தான் பண்ணுவாங்க."

"அப்பாகூட வர்றியா?"

அவள் தலையை நேராக, மேலும் கீழுமாக இரண்டு தடவை ஆட்டினாள். சிரித்துக்கூடக் காட்டினாள். முதல் டேக்கிலேயே சரியாக வந்துவிட்டது. ஹரி ஓட்டிப் பார்த்தான், ஒரு குறை சொல்ல முடியாது. உலகத்தில் எந்த மூலையில் காட்டினாலும் அது சம்மதம்தான்.

கேமராவை அணைத்து மூடினான். பையைத் தோளில் மாட்டி வண்டிச் சாவியைத் தேடும்போது சட்டையின் நுனி இழுபட்டது.

"சூட்டிங் முடிஞ்சுருச்சில்லப்பா?" என்றாள் சஹானா. "இப்ப சச்சி-முச்சி கூப்புடுங்க."

நிஜமாக என்பதற்கு அவள் பள்ளிக்கூடத்தில் பிடித்துவந்த சொல் அது. எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் ஒன்று கேட்டிருக்கிறாள். வா போகலாம், ஷூ போடு என்று சொல்ல ஹரி வாயெடுத்துவிட்டான். இந்த ஷாட்டை இப்போது போய்த் தொடங்கினால்தான் நாளைக்கு முடியும் என்ற கணக்கு வாய்க்குக் குறுக்கே வந்து நின்றது. பாக்கெட்டில் போன் வேறு அடித்தது. எடுத்துப் பார்க்காமலே கானிட்கர் என்று தெரிந்தது.

அவன் அவள் உயரத்துக்குக் குனிந்தான். "அடுத்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா போலாம் கண்ணு. சத்தியமா. அப்பாகூட வர்றியா?"

சஹானா அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பிறகு, கேமராவுக்கு ஆட்டிக் காட்டிய மாதிரியே, தலையை நேராக, மேலும் கீழுமாக இரண்டு தடவை ஆட்டிவிட்டுச் சிரித்தாள்.

கேமரா பைக்குள் அணைந்துதான் கிடந்தது.